கம்பளிக் கள்ளியும் ஒரு செம்பு அருவித் தண்ணியும்

குற்றாலத்தில் சாரல் விழுந்தால் ஊரே சிரிக்கும். குழல்வாய்மொழி மட்டும் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்வாள். செங்கோட்டைப் பக்கமிருந்து அந்த ஈரக்காற்று இறங்கியதும் தென்காசியில் ஆளாளுக்கு ஜன்னலைத் திறந்து வைத்துக்கொண்டு, "ஆகா, சீசன் வந்துட்டு" என்பார்கள். இவள் போட்டது போட்டபடி மாடிக்கு ஓடுவாள். அங்கே ஒளி புகும் தகடு போட்ட சின்னக் கூரைக்குக் கீழே அவளுடைய கம்பளிக் கள்ளி இருந்தது.

ஐந்து வருடத்துக்கு முன் மகளைக் கல்லூரியில் சேர்க்க பெங்களூருக்குப் போனபோது வாங்கி வந்தது. அப்போது எலுமிச்சம்பழ அளவு. இப்போது நல்ல மாதுளம்பழம் அளவுக்கு வளர்ந்து, உடம்பு முழுக்க வெள்ளை ரோமம் மூடி, எட்டிப் பார்த்தால் யாரோ குனிந்து உட்கார்ந்திருக்கிற மாதிரி இருக்கும். அவள் வீட்டுக்காரர் சிவசைலம் அதைப் பார்க்கும்போதெல்லாம், "தல நரச்சிருக்கு, தொட்டா குத்துது. ஏட்டி, இது எங்கம்மால்லா!" என்று சொல்லிவிட்டுத் தானே சிரித்துக்கொள்வார். அவருடைய அம்மா திருநெல்வேலியில் இருந்ததால் இந்தத் தைரியம்.

கள்ளிக்கு என்ன வளர்ப்பு, வேலியோரம் தூக்கிப் போட்டால் தானாக வளருமே என்று சொல்லுகிற மேதைகள் நம் ஊரில் தெருவுக்கு நாலு பேர் உண்டு. அவர்களுக்காகவே இதைச் சொல்ல வேண்டியிருக்கிறது. வேலியோரக் கள்ளி வேறு, இது வேறு. இது எங்கேயோ மழை குறைந்த உயரமான மலைச் சரிவில் பிறந்த சாதி. வெயிலும் குளிரும் உடம்பில் நேராகப் படக்கூடாது என்று தனக்குத் தானே கம்பளி நெய்து போர்த்திக்கொண்டது. வெயிலைத் தாங்கும், வறட்சியைத் தாங்கும், மறந்துபோய் ஒரு மாதம் தண்ணீர் விடாவிட்டாலும் கோபிக்காது. ஒன்றே ஒன்றைத்தான் தாங்காது. அந்தக் கம்பளி நனைந்து, காயாமல் கிடக்கக் கூடாது. நனைந்த கம்பளிக்குள்ளே உச்சி அழுகிவிடும். வெளியே தெரியாது. தெரியும்போது காரியம் முடிந்திருக்கும்.

அதனால் குழல்வாய்மொழி தண்ணீரைக் குவளையால் ஊற்ற மாட்டாள். பழைய பேருந்து நிலையம் பக்கம் துல்கர்னைன் பாய் வைத்திருக்கும் மருந்துக் கடையில் பதினாறு வருடமாக வேலை பார்க்கிறவள். ஊசி கழற்றிய பெரிய சிரிஞ்சில் தண்ணீர் எடுத்து, தொட்டியின் ஓரமாக, மண்ணில் மட்டும் இறக்குவாள். மண் என்று சொன்னாலும் பாதிக்கு மேல் உடைத்த செங்கல்லும் சலித்த மணலும்தான். ஐப்பசி, கார்த்திகை அடைமழைக்குச் செடியை உள்ளே கொண்டுபோய் ஜன்னலோரம் வைப்பாள். தை பிறந்தால் இரண்டு மாதம் சொட்டுத் தண்ணீர் கிடையாது. அப்படிப் பட்டினி போட்டால்தான் பூக்கும் என்று எங்கோ படித்திருந்தாள். படித்தது சரிதானா என்று தெரிய நாலு வருடம் ஆயிற்று. நாலு வருடமும் அது பூக்கவில்லை.

ஐந்தாம் வருடம், மாசி பங்குனியில் பூக்க வேண்டியது, நம் ஊர் வெக்கையில் கணக்குத் தப்பியதோ என்னவோ, ஆனிக் கடைசியில் மொட்டு விட்டது. உச்சியைச் சுற்றி, கொஞ்சம் கீழே இறங்கி, கம்பளிக்குள்ளிருந்து குங்கும நிறத்தில் பதினோரு மொட்டுகள். வெயில் வந்தால் சின்னச் சின்ன ரோஸ் பூக்களாக விரியும். மேகம் போட்டால் மூடிக்கொள்ளும். குழல்வாய்மொழி அன்று கடைக்கு அரை மணி நேரம் தாமதமாகப் போனாள். பதினாறு வருடத்தில் அது முதல் தடவை. துல்கர்னைன் பாய் கடிகாரத்தைப் பார்த்தார். அவள் போனில் இருந்த படத்தைக் காட்டினாள். "மாஷா அல்லாஹ்!" என்றாரே தவிர வேறு ஒன்றும் கேட்கவில்லை.

அதோடு விட்டிருக்கலாம். ஆனால் ஐந்து வருடம் காத்திருந்து ஒரு காரியம் பலித்தால் அதை நாலு பேர் பார்க்கட்டும் என்று யாருக்குத்தான் தோன்றாது? குற்றாலத்தில் ஒரு கல்யாண மண்டபத்தில் தோட்டப் பிரியர்கள் சங்கம் ஆடி முதல் ஞாயிற்றுக்கிழமை செடிக் கண்காட்சி நடத்துகிறது. முள் செடிகளுக்குத் தனிப் போட்டி உண்டு. குழல்வாய்மொழி பெயர் கொடுத்தாள். செடியைக் கேக் டப்பாவில் இறக்கி, டப்பாவை மடியில் வைத்து, ஷேர் ஆட்டோவில் குடை பிடித்துக்கொண்டு போனாள். ஆட்டோவுக்குள் எதற்கு அக்கா குடை என்று பக்கத்தில் இருந்தவள் கேட்டாள். இவள் குடையை டப்பாவின் மேல் இன்னும் கொஞ்சம் சாய்த்தாள்.

மண்டப வாசலில் பித்தளைக் குடம் ஒன்றுக்கு மாலை போட்டு வைத்திருந்தார்கள். காலையில் பேரருவியில் பிடித்து வந்த தண்ணீர். குத்துவிளக்கு ஏற்றுவதற்குப் பதிலாக ஒரு செம்பு அருவித் தண்ணியைச் செடிக்கு ஊற்றித் திறந்து வைப்பது அந்தச் சங்கத்தின் வழக்கம். மலை முழுக்க மூலிகை, அதில் ஊறி வருகிற தண்ணி யாருக்கும் எதற்கும் ஒரு கெடுதலும் செய்யாது என்பது எங்கள் பக்கத்தில் யாரும் கேள்வி கேட்காத விஷயம். ஜலதோஷம் பிடித்தவனைக்கூட அருவியில் கொண்டுபோய் நிறுத்துகிற ஊர் இது. குழல்வாய்மொழியே அப்படி நின்றவள்தான்.

முள் செடிப் போட்டிக்கு நடுவர் வல்லிநாயகம். அருவிக்குப் போகிற வழியில் பெரிய நர்சரி வைத்திருப்பவர். சீசனில் வருகிற கூட்டம் அவர் கடையில் கள்ளிச்செடி வாங்காமல் போகாது. எல்லாச் செடியின் உச்சந்தலையிலும் ஒரு பூ, மஞ்சளோ சிவப்போ ஊதாவோ, இராப்பகல் மூடாமல் விரிந்தே இருக்கும். லாரியில் வந்து இறங்கும்போதே அந்தப் பூவோடுதான் வரும். காய்ந்த பூ ஒன்றைச் சாயத்தில் தோய்த்து, பசைத் துப்பாக்கியால் செடியின் குருத்திலேயே ஒட்டி அனுப்புகிறார்கள். வளர வேண்டிய இடத்தில் சூடான பசையை வைத்தால் செடி எப்படி வளரும் என்று ஒட்டியவனும் கேட்கவில்லை, வாங்கியவனும் கேட்கவில்லை. வல்லிநாயகத்துக்கு இது தெரியுமா தெரியாதா என்பதைக் குழல்வாய்மொழியால் கடைசி வரை தீர்மானிக்க முடியவில்லை. தெரிந்திருந்தால் அயோக்கியன். தெரியாவிட்டால், இவரை யார் நடுவராகப் போட்டது?

மேசையில் குழல்வாய்மொழியின் செடிக்குப் பக்கத்தில் ஸ்ரீமதி என்ற பெண்ணின் செடி இருந்தது. சுரண்டையிலிருந்து வந்திருந்தாள். போன வாரம் வல்லிநாயகம் கடையிலேயே வாங்கிய உருண்டைக் கள்ளி, உச்சியில் பளீரென்று ஊதாப் பூ. பாவம், அவள் அதைப் பிள்ளையைப் போல அணைத்துத் தூக்கி வந்திருந்தாள்.

வல்லிநாயகம் கையில் பேடும் பேனாவுமாக வந்தார். பின்னால் சங்கத்துக்காரர்கள், அவர்களுக்குப் பின்னால் வேடிக்கை பார்க்கிற கூட்டம். ஸ்ரீமதியின் செடியைப் பார்த்துத் தலையாட்டினார். குழல்வாய்மொழியின் செடியைப் பார்த்ததும் நின்றார். வெளியே மேகமூட்டம். உள்ளே டியூப் லைட். பதினோரு பூவும் பாதி மூடிக் கிடந்தன.

"இது என்ன, பூவ சுத்திச் சுத்தி வச்சிருக்கிய?"

"நான் எங்கன வச்சேன் அண்ணாச்சி? அது பூத்திருக்கு."

"கள்ளிக்குப் பூன்னா உச்சியிலல்லா நிக்கும். முப்பது வருசமா பாக்குதேன். இது என்னமோ பொறந்தநாள் கேக்குல மெழுகுவத்தி சொருவுன மாதிரில்லா இருக்கு."

கூட்டம் சிரித்தது. குழல்வாய்மொழி பொறுமையாகத்தான் சொன்னாள். இந்த இனத்துக்குப் பூ உச்சியில் வராது, போன வருடம் வளர்ந்த பகுதியில்தான் வளையமாக வரும், வெயில் இல்லாததால் மூடியிருக்கிறது என்று மூன்றையும் சொன்னாள். மூன்றையும் அவர் கேட்டுக்கொண்டார். கேட்டுவிட்டு, குனிந்து, இரண்டு விரலால் ஒரு பூவைப் பிடித்து இழுத்தார்.

வந்துவிட்டது. வராமல் என்ன செய்யும்? பூ என்றால் இழுத்தால் வரத்தான் செய்யும். மல்லிகையை இழுத்தாலும் வரும்.

"பாத்தியளா, கையோட வருது!" என்று அதை எல்லோருக்கும் தூக்கிக் காட்டினார். பிறகு பக்கத்தில் இருந்த ஸ்ரீமதியின் செடியில் ஊதாப் பூவைப் பிடித்து இழுத்தார். அது அசையவில்லை. பசை நல்ல பசை. இன்னொரு தடவை இழுத்தார். தொட்டியே கூடத் தூக்கிக்கொண்டு வந்தது. "இது பாருங்க, எப்படிப் பிடிச்சு நிக்குதுன்னு. இதுல்லா பூ!"

பொய் சொல்லுகிறவனிடம் சண்டை போடலாம். உண்மையைத் தலைகீழாகப் பிடித்து ஆட்டிக் காட்டுகிறவனிடம் எந்த முனையிலிருந்து ஆரம்பிப்பது?

"அந்தப் பூவுதான் அண்ணாச்சி ஒட்டுனது," என்றாள். குரல் நடுங்கியது. கோபத்தில் நடுங்கியதைக் கூட்டம் பயத்தில் நடுங்கியதாக எடுத்துக்கொண்டது.

"ஏம்மா, அடுத்தவுக செடியக் கொற சொல்லாதிய. ஆமா, நீங்க எங்கன வேல பாக்கிய?"

"மெடிக்கல்ல."

"அதான பாத்தேன்." வல்லிநாயகம் கூட்டத்தின் பக்கம் திரும்பினார். "மெடிக்கல்ல பஞ்சுக்கா கொறச்சல்? சும்மா ஒரு கள்ளிய வாங்கி, பஞ்ச ஒட்டி, அதுல பூவையும் சொருவி... நல்ல கைவேலதான். ஆனா இது கைவேலப் போட்டி இல்லம்மா."

இந்த முறை சிரிப்பு பலமாக இருந்தது. யாரோ போனைத் தூக்கிப் படம் எடுத்தார்கள். ஐம்பது வயதில், ஒரு மாத்திரையைக்கூட மாற்றிக் கொடுத்ததில்லை என்று பேர் எடுத்தவள், பஞ்சை ஒட்டி ஏமாற்ற வந்தவளாக ஒரு மண்டபத்தில் நின்றாள். அவமானம் காதுவரை சுட்டது. அவளுக்கு அந்த நிமிடத்தில் கப்பு வேண்டாம், போட்டி வேண்டாம். "நீங்க பொய் சொல்லலம்மா, நான் சொன்னதுதான் தப்பு" என்று அந்த மனுஷன் வாயால் ஒரு வார்த்தை வந்தால் போதும். அது வராமல் அந்த இடத்தை விட்டு நகரக்கூடாது என்று நின்றாள்.

"பஞ்சுன்னா தண்ணி விட்டா கழண்டுரும். ஒரு செம்பு ஊத்திப் பாத்துருவோமே," என்றார் ஒரு சங்கத்துக்காரர். ஏதோ இரண்டு தரப்புக்கும் நல்லது செய்கிற முகத்தோடுதான் சொன்னார்.

"தண்ணி மட்டும் ஊத்தாதிய. கம்பளி நனைஞ்சா செடி அழுகிரும். இந்தச் சாரல்ல காயவே காயாது. வேணும்னா கண்ணாடி வச்சுப் பாருங்க, முள்ளுக்கு அடியிலருந்துதான் ரோமம் வருது, தெரியும்."

"தண்ணி ஊத்துனா செடி செத்துருமாம்!" கூட்டத்தில் ஒருத்தி வாயில் கை வைத்தாள்.

"அருவித் தண்ணிம்மா. மூலிகத் தண்ணி. அது ஒண்ணுஞ் செய்யாது," என்றார் வல்லிநாயகம். வாசல் குடம் அதற்குள் கை மாறி மேசைக்கே வந்துவிட்டது.

அவர் பிடுங்கிப் போட்ட பூ தரையில் கிடந்தது. யாரோ மிதிக்கப் போனார்கள். குழல்வாய்மொழி சட்டென்று குனிந்து அதை எடுத்தாள். அவ்வளவுதான். நிமிர்வதற்குள் வல்லிநாயகம் ஒரு செம்புத் தண்ணியையும் செடியின் உச்சியில் கவிழ்த்துவிட்டார்.

வெள்ளைக் கம்பளி படிந்து உடம்போடு ஒட்டிக்கொண்டது. உள்ளே பச்சைத் தோல் தெரிந்தது. வல்லிநாயகம் விரலால் தேய்த்தார். வரவில்லை. நகத்தால் கிள்ளி இழுத்தார். ரோமம் வரவில்லை, முள்தான் அவர் விரலில் ஏறியது. "ஸ்ஸ்" என்று கையை உதறினார்.

பிறகு பின்னாலிருந்து ஒருவர், "நெசச் செடிதான்டே!" என்றார். யாரோ கை தட்டினார்கள். அப்புறம் எல்லோரும் தட்டினார்கள். சிரித்த அதே கைகள்தான். சங்கத்துக்காரர்கள் கூடிப் பேசி, முதல் பரிசை ஸ்ரீமதிக்கு ஏற்கெனவே எழுதிவிட்டதால், குழல்வாய்மொழிக்கு ஒரு சிறப்புப் பரிசு என்று அறிவித்தார்கள். ஒரு கப்பைக் கையில் திணித்தார்கள். மைக்கையும் கொடுத்தார்கள்.

அவள் மைக்கில் நன்றி சொல்லவில்லை. "என்னய பஞ்சு ஒட்டுனவளுன்னு சொன்னிய. அது தப்புன்னு இதுல சொல்லுங்க அண்ணாச்சி," என்று மைக்கை வல்லிநாயகத்தின் பக்கம் நீட்டினாள்.

அவர் விரலைச் சப்பிக்கொண்டே பெருந்தன்மையாகச் சிரித்தார். "அதாம்மா கப்பு குடுத்தாச்சுல்லா. நான் தண்ணி ஊத்துனதாலதான் ஒங்க செடி நெசம்னு ஊருக்கே தெரிஞ்சுது. நீங்கதான் எனக்கு நன்றி சொல்லணும்."

"எம் பேச்ச நம்பியிருந்தா ஊத்தவே வேண்டாமே!"

வல்லிநாயகம் பேடைக் கையில் எடுத்துக்கொண்டு அடுத்த மேசைக்குப் போனார். குழல்வாய்மொழி கப்பை அங்கேயே மேசையில் வைத்துவிட்டு, சொட்டச் சொட்ட இருந்த செடியைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்தாள். வெளியே சாரல் தூறிக்கொண்டிருந்தது.

வீட்டுக்கு வந்து என்னென்ன செய்ய முடியுமோ அத்தனையும் செய்தாள். தொட்டியைக் கவிழ்த்துப் பிடித்துத் தண்ணீரை உதறினாள். டிஷ்யூத் தாளைத் திரித்து உச்சிக்குள் விட்டு ஒற்றி எடுத்தாள். எதிர்வீட்டில் பியூட்டி பார்லர் வைத்திருக்கும் ஷெர்லினிடம் முடி காயவைக்கிற மெஷினை வாங்கி, சூடு இல்லாமல் காற்றை மட்டும் காட்டினாள். சிவசைலம் அவராகவே டேபிள் பேனைத் தூக்கி வந்து செடிக்கு எதிரே வைத்தார். செடியை அம்மா என்கிற கேலியை அன்று அவர் எடுக்கவில்லை. ஒரே ஒரு நாள் வெயில் அடித்தால் பிழைத்துவிடும் என்று குழல்வாய்மொழி மேற்கே பார்த்துக்கொண்டே இருந்தாள். எட்டு நாள் வெயில் அடிக்கவில்லை. ஊரில் எல்லோரும், என்ன ஒரு அருமையான சீசன் என்று பேசிக்கொண்டார்கள்.

ஒன்பதாம் நாள் உச்சியைத் தொட்டபோது விரல் உள்ளே போயிற்று. பழுப்பு நீர் கசிந்தது. அழுகிய பாகத்தை வெட்டி எடுத்தால் அடிப்பாகம் பிழைக்கும் என்று பிளேடால் வெட்டினாள். வெட்ட வெட்ட உள்ளே செம்பழுப்பாகவே இருந்தது. வேர் வரைக்கும் இறங்கிவிட்டது. சிவசைலம் பார்த்துக்கொண்டிருக்கும்போதே உட்கார்ந்து அழுதாள். ஒரு செடிக்காக இப்படி அழுவது அவளுக்கே வெட்கமாக இருந்தது. ஆனால் செடிக்காக மட்டும் அழவில்லை. ஐந்து வருடம் பார்த்துப் பார்த்து வளர்த்தவள் வாயால் சொன்னதை நம்பாமல், ஒரு செம்புத் தண்ணியை நம்பினார்களே என்று அழுதாள்.

ஆடி கடைசியில் ஒரு நாள் காலை பதினோரு மணி. மருந்துக் கடையில் ஏழெட்டுப் பேர் நின்றார்கள். கல்லாவில் துல்கர்னைன் பாய் உட்கார்ந்திருந்தார். கூட்டத்தை விலக்கிக்கொண்டு வல்லிநாயகம் வந்தார், முகமெல்லாம் பல்லாக.

"என்னம்மா, சௌக்கியமா? ஒங்களத்தான் தேடி வந்தேன். அன்னைக்கு யாரோ வீடியோ எடுத்து குரூப்புல போட்டுட்டாவ. நான் தண்ணி ஊத்துனது, அப்பவும் பூ நின்னது, எல்லாம். கடைக்கு வாரவன் பூரா அந்தக் கம்பளிச் செடிதான் வேணுங்கான். லாரிக்காரன்ட்ட கேட்டா அப்படி ஒண்ணு இல்லங்கான். அடியில குட்டி ஏதும் விட்டிருந்தா ரெண்டு குடுங்க. நான் பெருக்கிக்கிடுதேன்."

குழல்வாய்மொழி கையில் இருந்த மருந்துச் சீட்டைக் கீழே வைத்தாள். இத்தனை நாளாக இவரைப் பார்த்தால் என்ன கேட்க வேண்டும் என்று எத்தனையோ யோசித்திருந்தாள். இப்போது ஒன்றுதான் ஞாபகம் வந்தது.

"மொதல்ல நீங்க அன்னைக்குச் சொன்னது தப்புன்னு சொல்லுங்க அண்ணாச்சி."

"அட, அத இன்னுமா மனசுல வச்சிருக்கிய?" குரலைத் தாழ்த்தி, கல்லாப் பக்கம் ஒரு பார்வை பார்த்துவிட்டு, "சரி, தப்புதான்," என்றார்.

"கேக்கல. அன்னைக்கு எல்லாருக்கும் கேக்கத்தான் சொன்னிய."

வல்லிநாயகம் சுற்றிப் பார்த்தார். நின்ற ஏழெட்டுப் பேரும் அவரைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்கள். துல்கர்னைன் பாய் பேனாவை மூடி வைத்துவிட்டு, "சொல்லுங்க அண்ணாச்சி, நானும் கேக்கேன்," என்றார். செடி வேண்டும். நர்சரி வாசலில் வாடிக்கைக்காரர்கள் காத்திருக்கிறார்கள். மனுஷன் தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"இந்தம்மா ஒண்ணும் ஒட்டல. நெசச் செடி, நெசப் பூவு. பொய் சொல்லுதாவன்னு நான்தான் தப்பாச் சொல்லிட்டேன். மன்னிச்சிருங்கம்மா." சொல்லி முடித்ததும், ஒரு வேலை முடிந்த திருப்தியோடு கையை நீட்டினார். "எப்ப வீட்டுக்கு வரட்டும்? ஆள அனுப்பவா, நானே வரட்டுமா?"

"எதுக்கு?"

"செடிக்கு."

"அது செத்துட்டு அண்ணாச்சி. நீங்க தண்ணி ஊத்துன ஒம்பதாம் நாளு. வேர் வரைக்கும் அழுகி, குப்பையில போட்டாச்சு. குட்டியும் இல்ல, ஒண்ணும் இல்ல."

வல்லிநாயகத்தின் கை நீட்டினபடியே நின்றது. முகம் கறுத்தது. அவர் முகத்தில் வருத்தம் வருகிறதா என்று குழல்வாய்மொழி உண்மையாகவே பார்த்தாள். வந்தது கோபம்தான்.

"பொறவு என்னத்துக்கு என்னய இத்தன பேருக்கு முன்னால மன்னிப்புக் கேக்க வச்சிய?"

"செடி தாரேன்னு நான் எப்ப சொன்னேன்? தப்பச் சொல்லுங்கன்னேன், சொன்னிய. செடி இருந்தாத்தான் மன்னிப்பா?"

அவர் கூட்டத்தின் பக்கம் திரும்பினார். யாரும் சிரிக்கவில்லை. அவர் படி இறங்கிப் போவதைக் குழல்வாய்மொழி பார்க்கவில்லை. கண் கலங்கியிருந்ததால் சீட்டில் இருந்த எழுத்து தெரியவில்லை. புறங்கையால் துடைத்துக்கொண்டு அதை மறுபடி எடுத்துப் படித்தாள்.

"யாருக்கு இது, பிள்ளைக்கா? எத்தன வயசு?" என்று கேட்டுக்கொண்டே மருந்தை எடுக்கத் திரும்பினாள்.